காரை எடுக்கும் கைகள்: அன்றும் இன்றும்

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 மே மாதக் கணக்குப்படி, அந்த நாட்டில் பல் சுத்தம் செய்யும் டென்டல் ஹைஜீனிஸ்ட் ஒருவரின் நடுமட்ட ஆண்டுச் சம்பளம் 94,260 டாலர். பாதிப் பேர் இதற்கு மேலும், பாதிப் பேர் இதற்குக் கீழும் வாங்குகிறார்கள். மணிக்கணக்கில் 45 டாலர் 32 சென்ட். இந்த வேலைக்கு அங்கே பெரும்பாலானவர்கள் படிப்பது பட்டப்படிப்புகூட இல்லை. கல்லூரியில் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடியும் அசோசியேட் படிப்பு. ஐந்தாண்டு பி.டி.எஸ். முடித்துவிட்டு, ஏதோ ஒரு கிளினிக்கில் சொற்பச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் நம்மூரில் நிறைய உண்டு. அவர்கள் இந்த எண்ணைக் கேட்டால் நம்பவே மாட்டார்கள்.

எண் உண்மைதான். ஆனால் அதை மட்டும் பார்த்தால் இந்தத் தொழில் நமக்குப் புரியாது. இந்தச் சம்பளம் எப்படி ஏறியது, எத்தனை ஆண்டுகள் ஏறாமல் கிடந்தது, யார் அதை ஏறவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று பார்த்தால்தான் வேலையின் மதிப்பு என்ன, கூலி என்ன என்பது விளங்கும். நோயாளியின் வாயில் யார் கை வைக்கலாம் என்று சட்டம் சொன்னதோ, அதைப் பொறுத்துத்தான் இந்த வேலை பார்ப்பவர்களின் வருமானம் நூறாண்டுக்கும் மேலாக அமைந்து வந்திருக்கிறது.

கதை தொடங்குவது கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரத்தில். 1906இல் அங்கே ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். அவருடைய தந்தையும் பல் மருத்துவர். அந்த நகரத்தின் மேயராகவும் இருந்தவர். அன்றைக்குப் பல் மருத்துவம் என்றால் பிடுங்குவது, அடைப்பது, பொய்ப்பல் கட்டுவது. பல் கெடுவதற்கு முன்பே, குறித்த இடைவெளியில் நோயாளியை வரவழைத்துப் பல்லில் படியும் காரையும் அழுக்கும் எடுத்துவிட்டால் பாதி நோய் வராது என்று பிலடெல்பியாவில் டி. டி. ஸ்மித் என்ற மருத்துவர் செய்து காட்டிக்கொண்டிருந்தார். அது ஃபோன்ஸின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சுத்தம் செய்ய எந்த மருத்துவருக்கு நேரம் இருக்கும்? தன் கிளினிக்கில் உதவியாளராக இருந்த உறவுக்காரப் பெண் ஐரீன் நியூமனுக்கு அவர் அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். டென்டல் ஹைஜீனிஸ்ட் என்ற தொழிலின் முதல் ஆள் அவர்தான்.

அடுத்த ஆண்டே, 1907இல், கனெக்டிகட் சட்டம் திருத்தப்பட்டது. பல் மருத்துவரின் கிளினிக்கில் உதவியாளர் பல் சுத்தம் செய்யலாம் என்று அது அனுமதித்தது. 1913 நவம்பரில் ஃபோன்ஸ் தன் கிளினிக்கை அடுத்திருந்த வண்டிக் கொட்டகையைப் பள்ளியாக மாற்றினார். யேல், ஹார்வர்ட், கொலம்பியா போன்ற பல்கலைக்கழகங்களில் இருந்தெல்லாம் பேராசிரியர்கள் வந்து பாடம் நடத்தினார்கள். படிக்க வந்தவர்கள் எல்லாரும் பெண்கள்: பள்ளி ஆசிரியைகள், செவிலியர், பல் மருத்துவர்களிடம் உதவிக்கு இருந்தவர்கள், சில மருத்துவர்களின் மனைவியர். 1914இல் முதல் அணியில் 27 பேர் தேறி வந்தார்கள். 1917இல் ஐரீன் நியூமனுக்கு உரிமம் கிடைத்தது. உலகத்தில் ஒரு ஹைஜீனிஸ்டுக்கு வழங்கப்பட்ட முதல் உரிமம் அதுவே.

இவர்களுக்கு முதலில் வேலை கொடுத்தது யார் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். முதல் அணியில் பலரை நகரத்தின் கல்வி வாரியம் எடுத்துக்கொண்டது. ஃபோன்ஸின் கனவே அதுதான். தொழிற்சாலைகள் நிறைந்த பிரிட்ஜ்போர்ட்டில் குடியேறிகளின் பிள்ளைகள் ஏராளம். பல் மருத்துவரை வாழ்நாளில் பார்த்திராத பிள்ளைகள். ஹைஜீனிஸ்டுகள் கையோடு தூக்கிச் செல்லும் நாற்காலியுடன் பள்ளிகளுக்கே போனார்கள். ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்துச் சுத்தம் செய்தார்கள். வகுப்பு முழுவதையும் நிற்க வைத்துப் பல் துலக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். சம்பளம் வந்தது பொதுப் பணத்தில் இருந்து. வேலை செய்த இடம் பள்ளிக்கூடம். அவர்களின் நேரடி எசமானர் பல் மருத்துவர் அல்லர்.

பெண்களையே ஏன் எடுத்தார் என்பதற்கும் ஃபோன்ஸ் காரணம் எழுதிவைத்திருக்கிறார். பொறுமை, நுணுக்கம், நாணயம் என்று புகழ்ந்தவர், இந்த ஒரே வேலையோடு நிறைவடைவார்கள் என்பதையும் ஒரு தகுதியாகச் சேர்த்துக்கொண்டார். அக்கறையுள்ள மனிதர், நல்ல நோக்கம் கொண்டவர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ‘இதற்கு மேல் கேட்க மாட்டார்கள்’ என்ற அந்த எதிர்பார்ப்பு தொழிலின் அஸ்திவாரத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. பின்னால் வந்த மாநிலச் சட்டங்கள் எல்லாம் அதன் மேல்தான் எழும்பின.

1951க்குள் எல்லா மாநிலங்களிலும் ஹைஜீனிஸ்டுக்கு உரிமம் வழங்கும் சட்டம் வந்துவிட்டது. 1923இல் கிளீவ்லாந்தில் அவர்களுக்கென்று தேசியச் சங்கமும் தொடங்கியாயிற்று. ஆனால் சட்டம் பரவப் பரவ வேலையிடம் பள்ளியில் இருந்து தனியார் கிளினிக்குக்கு மாறிவிட்டது. பல் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டும், அவர் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும், அவர் எழுதிக்கொடுத்தால்தான் இவர் சுத்தம் செய்யலாம் என்று மாநிலத்துக்கு மாநிலம் நிபந்தனைகள். அவற்றை விதித்த வாரியங்களில் பெரும்பான்மையாக உட்கார்ந்திருந்தவர்கள் பல் மருத்துவர்களே. சம்பளம் கொடுக்கும் முதலாளியும் அவர். என்ன வேலை செய்யலாம் என்று வரையறுப்பவரும் அவர். ஒரு தொழிலின் கூலியை அடக்கிவைக்க இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டியதில்லை.

வேலை மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது. அன்றைய ஹைஜீனிஸ்ட் வெறும் கையோடு வேலை பார்த்தார். எழுபதுகளில்கூட உறை போடாமல் இரத்தமும் எச்சிலுமாக விரல்களை வாய்க்குள் வைத்தவர்கள் உண்டு. எய்ட்ஸ் அச்சம் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1991இல் இரத்தம் வழியாகப் பரவும் நோய்களுக்கான பாதுகாப்பு விதிகளைக் கூட்டாட்சி அரசு கொண்டுவந்த பின் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம் ஆயின. 1950களின் இறுதியில் அல்ட்ராசோனிக் கருவி வந்தது. நுனி அதிர, தண்ணீர் பீய்ச்ச, காரை உடைந்து விழும். ஆனாலும் கைக்கருவியை யாரும் கீழே வைக்கவில்லை. மிச்சிகன் பல் மருத்துவர் கிரேசி வடிவமைத்த, காரை சுரண்டும் கியூரட்டுகள் இன்றும் எல்லாத் தட்டுகளிலும் இருக்கின்றன. கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கு 11/12, பின்பக்கத்துக்கு 13/14 என்று பக்கத்துக்கு ஒரு வளைவு. கிளினிக்கில் எண்ணைச் சொல்லியே கேட்டு வாங்குவார்கள்.

இன்றைக்கு ஒரு மணி நேரத்தில் அந்த நாற்காலியில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். நோயாளி சாய்ந்ததும் இரத்த அழுத்தம், சர்க்கரை, சாப்பிடும் மருந்துகள் பற்றிய விசாரணை. பிறகு டிஜிட்டல் எக்ஸ்ரே. அதன்பின் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் இறக்கி ஆழம் அளக்கிறார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். இருபத்தெட்டுப் பல் இருந்தால் 168 அளவுகள். ‘மூன்று, இரண்டு, மூன்று’ என்று வாய் சொல்லிக்கொண்டே போகும். மூன்று வரை ஆரோக்கியம். நான்கு என்றால் குரலில் ஒரு நிறுத்தம். ஐந்தும் ஆறும் வந்தால் உள்ளே எலும்பு கரையத் தொடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கெல்லாம் இரத்தம் கசிகிறதோ அதையும் குறிக்க வேண்டும். நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்புறம், தொண்டை எல்லாம் புற்றுநோய் அறிகுறிக்காகப் பார்த்தாக வேண்டும். இவ்வளவுக்கும் பிறகுதான் காரை எடுப்பது. கழுத்தைச் சாய்த்து, முழங்கையைத் தூக்கி, ஒரே பிடியில் நூற்றுக்கணக்கான சிறு இழுப்புகள். மெருகூட்டல், ஃபுளோரைடு, எப்படித் துலக்குவது என்ற அறிவுரை. மருத்துவர் வந்து சில நிமிடம் பார்த்துவிட்டுப் போவார். நோயாளி எழுந்ததும் நாற்காலியைத் துடைத்து, கருவிகளைக் கிருமி நீக்கத்துக்கு அனுப்பி, குறிப்பெழுதி முடிப்பதற்குள் அடுத்தவர் வாசலில் நிற்பார். ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது பேர் இப்படி.

இந்த வேலையை முப்பது ஆண்டு செய்தவர்களின் மணிக்கட்டையும் தோளையும் கழுத்தையும் பற்றி ஏராளமான ஆய்வுகள் வந்திருக்கின்றன. வலி இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பலர் வாரத்துக்கு மூன்று நான்கு நாள் மட்டும் வேலை பார்க்கிறார்கள். வேறு சிலர் இரண்டு மூன்று கிளினிக்குகளில் நாளைப் பங்குபோட்டு ஓடுகிறார்கள். அதனால்தான் ஆண்டுச் சம்பளத்தைவிட மணிக்கூலியே இந்தத் தொழிலில் மெய்யான கணக்கு. பகுதிநேர ஆளுக்கு மருத்துவக் காப்பீடு, ஊதியத்தோடு விடுப்பு, ஓய்வுக்காலச் சேமிப்பு எல்லாம் முதலாளியின் மனத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் முதலாளி தரும் மருத்துவக் காப்பீடு இல்லாமல் ஒரு குடும்பம் நடத்துவது எவ்வளவு பெரிய சுமை என்று அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

இனி அந்த மணிக்கூலியின் கணக்கு. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே இதுதான்.

2000ஆம் ஆண்டில் ஹைஜீனிஸ்டின் நடுமட்ட மணிக்கூலி 24 டாலர் 68 சென்ட். 2024இல் 45 டாலர் 32 சென்ட். கிட்டத்தட்ட இரட்டிப்பு என்று தோன்றும். ஆனால் அதே காலத்தில் அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு 172இல் இருந்து 314க்கு ஏறிவிட்டது. 2000இல் வாங்கிய 24 டாலர் 68 சென்ட்டை 2024ஆம் ஆண்டு விலைவாசிக்கு மாற்றிப் பாருங்கள். ஏறக்குறைய 45 டாலர் வருகிறது. இருபத்து நான்கு ஆண்டு உழைத்து இந்தத் தொழில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. அப்படித் திரும்பி வந்ததைத்தான் இன்று எல்லாரும் பெரிய ஏற்றம் என்று கொண்டாடுகிறார்கள்.

நடுவில் கிடந்த காலம் இன்னும் மோசம். 2008இல் ஆண்டுச் சம்பளம் 66,570 டாலர், 2021இல் 77,810. பதின்மூன்று ஆண்டில் பதினேழு சதவீதம்கூட ஏறவில்லை. விலைவாசியோ இருபத்தாறு சதவீதம் ஏறியது. ஒவ்வொரு ஆண்டும் சம்பளச் சீட்டில் எண் கொஞ்சம் கூடும். வாங்கும் சக்தி கொஞ்சம் குறையும். சங்கக் கூட்டங்களில் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் வேலைநிறுத்தம் செய்ய ஒரே முதலாளியா இருக்கிறார்? நாடு முழுவதும் சின்னச் சின்னக் கிளினிக்குகள். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு ஹைஜீனிஸ்டுகள். தனித்தனியாகப் போய் ‘இரண்டு டாலர் கூட்டிக் கொடுங்கள்’ என்று கேட்க வேண்டியிருந்தது.

மருத்துவர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்கப் பல் காப்பீட்டில் ஆண்டுக்கு 1,000, 1,500 டாலர்தான் என்ற உச்சவரம்பு எழுபதுகளில் இருந்தே பெரிதாக நகரவில்லை. ஒரு சுத்தத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் தொகையும் விலைவாசியோடு போட்டி போடவில்லை. ஹைஜீனிஸ்ட் ஈட்டித் தருவதில் மூன்றில் ஒரு பங்கு அவர் சம்பளம் என்று மருத்துவர்களிடையே ஒரு வழக்கமான கணக்கு உண்டு. வருமானம் நகராதபோது அந்த ஒரு பங்கும் நகரவில்லை. கிளினிக்குகளைக் கொத்தாக வாங்கி நடத்தும் பெருநிறுவனங்கள் வந்த பிறகு ஒரு மணி நேரச் சந்திப்பு ஐம்பது நிமிடம், நாற்பது நிமிடம் என்று சுருங்கியது. நோயாளிகள் கூடினார்கள், கூலி கூடவில்லை.

பிறகு 2020 வந்தது. மார்ச் 16 அன்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், அவசரமில்லாத சிகிச்சைகளை மூன்று வாரத்துக்குத் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொண்டது. நாடெங்கும் நாற்காலிகள் காலியாயின. திறந்த வாய்க்கு ஓரடி தூரத்தில், அல்ட்ராசோனிக் கருவி கிளப்பும் நீர்த்துளி மேகத்துக்குள் முகத்தை வைத்து வேலை பார்க்கும் இந்தப் பெண்களின் தொழிலே நாட்டின் மிக ஆபத்தான தொழில்களில் ஒன்று என்று செய்தித்தாள்கள் வரைபடம் போட்டன. கிளினிக்குகள் மறுபடி திறந்தபோது பலர் திரும்பி வரவில்லை. ஓய்வுக்கு அருகில் இருந்தவர்கள் அப்படியே ஓய்வு பெற்றார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் வீட்டோடு நின்றுவிட்டார்கள். தோள்வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவர்கள் இனிப் போதும் என்று வேறு வேலை தேடினார்கள். ஹைஜீனிஸ்ட் கிடைப்பது மிகக் கடினம் என்று பத்தில் ஒன்பது மருத்துவர்கள் சொல்லும் நிலை வந்தது.

2021இல் 77,810. 2022இல் 81,400. 2023இல் 87,530. 2024இல் 94,260. மூன்றே ஆண்டில் இருபத்தொரு சதவீதம். முந்தைய பதின்மூன்று ஆண்டில் நடக்காதது நடந்தது. படிப்பு மாறவில்லை, கை மாறவில்லை, கியூரட்டின் வளைவு மாறவில்லை. ஆள் குறைந்தார்கள், கூலி ஏறியது. ஒரு நாள் ஆள் வராவிட்டால் செயலி வழியாக வேறொருவரை அழைக்கும் வழக்கமும் பரவியது. அப்படி வருகிறவர் தன் மணிக்கூலியைத் தானே குறிக்கிறார். பக்கத்து நாற்காலியில் பத்தாண்டாக உழைப்பவர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் கேட்கத் துணிகிறார்.

சட்டத்துக்கும் கூலிக்கும் உள்ள உறவைப் பார்க்க அலபாமாவைப் பாருங்கள். மற்ற மாநிலங்கள் அங்கீகாரம் பெற்ற கல்லூரிப் படிப்பைக் கேட்கும்போது, அலபாமா மட்டும் பல் மருத்துவர் தன் கிளினிக்கிலேயே உதவியாளரைப் பயிற்றுவித்து ஹைஜீனிஸ்ட் ஆக்கும் முறையை நீண்ட காலமாக வைத்திருக்கிறது. நாட்டிலேயே மிகக் குறைந்த ஹைஜீனிஸ்ட் சம்பளம் உள்ள மாநிலங்களில் அலபாமா ஒன்று. மறுமுனையில் வாஷிங்டன் மாநிலம். ஹைஜீனிஸ்ட் மரத்துப்போகும் ஊசி போடலாம் என்று 1971இலேயே முதலில் அனுமதித்தது அதுதான். சம்பளப் பட்டியலின் உச்சியிலும் அதுவே நிற்கிறது. வாழ்க்கைச் செலவு வேறுபாடும் இதில் ஒரு காரணம். ஆனால் அது மட்டும் காரணம் என்று என்னால் ஏற்க முடியாது.

1986இல் கொலராடோ இன்னும் ஒரு படி போனது. மருத்துவரின் மேற்பார்வை இல்லாமலே ஹைஜீனிஸ்ட் தன் பெயரில் இடம் திறந்து பல் சுத்தம் செய்யலாம் என்றது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில், பள்ளி, முதியோர் இல்லம் போன்ற ஏதோ ஓர் இடத்திலாவது, மருத்துவர் முன்கூட்டிப் பார்க்காமலே ஹைஜீனிஸ்ட் நேரடியாகச் சிகிச்சை தொடங்கலாம். இந்த அனுமதி எளிதில் வந்துவிடவில்லை. தென் கரோலினாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஹைஜீனிஸ்டுகள் சுத்தமும், சொத்தையைத் தடுக்கும் சீலன்ட் பூச்சும் செய்வதற்கு முன் மருத்துவர் ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்தாக வேண்டும் என்ற நிபந்தனையை 2000இல் அந்த மாநிலச் சட்டமன்றம் நீக்கியது. மறு ஆண்டே மாநிலப் பல் மருத்துவ வாரியம் அவசர விதி ஒன்றைப் போட்டு அந்த நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய சிகிச்சை நின்றது. இது போட்டியை ஒடுக்கும் செயல் என்று கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2003இல் வழக்குத் தொடுத்தது. உச்ச நீதிமன்றம்வரை போய்ப் பார்த்த வாரியம், 2007இல் சமரச ஆணைக்கு ஒப்புக்கொண்டது. பிரிட்ஜ்போர்ட் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய தொழில், பள்ளிக்கூட வாசலை மறுபடி மிதிக்க நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. பிள்ளைகளின் பல் சொத்தையாகிக்கொண்டிருக்கும்போது இந்தச் சண்டைக்கு ஆறாண்டு வீணானதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இனி வேலைவாய்ப்பு எப்படி? அமெரிக்காவில் இப்போது சுமார் 2,20,000 ஹைஜீனிஸ்ட் வேலைகள் இருக்கின்றன. மற்றத் தொழில்களின் சராசரியைவிட இது மிக வேகமாக வளரும் என்று தொழிலாளர் புள்ளியியல் துறை கணிக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 15,000 இடங்கள், பெரும்பாலும் ஓய்வு பெறுகிறவர்களுக்கும் விலகுகிறவர்களுக்கும் பதிலாக, காலியாகும். ஒரு மாநில உரிமத்தை வைத்துக்கொண்டு இன்னொரு மாநிலத்தில் வேலை பார்க்க உதவும் மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தமும் 2024இல் உயிர்பெற்றிருக்கிறது. கணவருக்கோ மனைவிக்கோ வேலை மாறினால் குடும்பத்தோடு ஊர் மாறுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் தட்டுப்பாட்டால் ஏறிய கூலிக்கு, தட்டுப்பாட்டைத் தீர்க்கும் முயற்சியே முதல் ஆபத்து. 2024 அக்டோபரில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் பிரதிநிதிகள் அவை இரண்டு வழிகளை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. பல் மருத்துவ மாணவர்களை ஹைஜீனிஸ்ட் வேலை பார்க்க அனுமதிப்பது ஒன்று. வெளிநாட்டில் பல் மருத்துவம் படித்தவர்களை, கூடுதல் படிப்பு கேட்காமல், ஹைஜீனிஸ்டாக வேலை பார்க்க விடுவது இன்னொன்று. ஹைஜீனிஸ்டுகளின் சங்கம் இரண்டையும் கடுமையாக எதிர்த்தது. வெளிநாட்டில் படித்தவர்கள் ஹைஜீனிஸ்ட் உரிமத் தேர்வு எழுத ஃபுளோரிடா ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது.

நம்மவர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் பி.டி.எஸ். முடித்து, திருமணமாகி அமெரிக்கா போய், அங்கே தன் படிப்புக்கு மதிப்பில்லை என்று வீட்டில் இருக்கும் பெண்கள் கணிசமானவர்கள். அங்கே பல் மருத்துவராக வேண்டுமானால் தேர்வெழுதி, இடம் பிடித்து, இரண்டு மூன்று ஆண்டு மறுபடி படிக்க வேண்டும். செலவு ஒரு லட்சம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு ஹைஜீனிஸ்ட் வேலை ஒரு கௌரவமான வழி, தாராளமாக யோசிக்கலாம். ஆனால் அந்த வாசல் யாருக்காகத் திறக்கப்படுகிறது, யாருடைய கூலியைப் பிடித்து நிறுத்தத் திறக்கப்படுகிறது என்பதையும் தெரிந்துகொண்டு நுழைய வேண்டும். குறைந்த சம்பளத்துக்கு ஒப்புக்கொள்ளும் ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலிக்காரரின் கூலியையும் சேர்த்துக் குறைக்கிறார். விசாவில் வேலை செய்ய அனுமதி உண்டா என்பதை முதலில் பாருங்கள். பிறகு மாநிலச் சட்டம். பிறகு, மணிக்கூலியோடு காப்பீடும் விடுப்பும் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்தியாவில் இந்தத் தொழிலின் கதை வேறு மாதிரி. 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் ஹைஜீனிஸ்டைத் தெளிவாகவே வரையறுத்தது: மருத்துவராக இல்லாமல், பல்லில் காரை எடுத்து, சுத்தம் செய்து, மெருகூட்டி, வாய்ச் சுகாதாரம் சொல்லிக்கொடுப்பவர். அவர்களுக்கென்று மாநிலப் பதிவேடு, இரண்டாண்டு டிப்ளமோ எல்லாம் வந்தன. சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரியிலும் அந்தப் படிப்பு நடந்திருக்கிறது. சட்டம் இருந்தும் வேலை வளரவில்லை. காரணம் வெளிப்படை. நாட்டில் பல் மருத்துவக் கல்லூரிகள் முந்நூறைத் தாண்டிவிட்டன. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பி.டி.எஸ். பட்டதாரிகள் வருகிறார்கள். காரை எடுக்கும் ஸ்கேலிங்கைச் செய்ய ஒரு பட்டதாரி மருத்துவரே குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கும்போது கிளினிக் முதலாளி எதற்கு ஹைஜீனிஸ்டைத் தேடப் போகிறார்? அமெரிக்காவில் ஆள் பற்றாமல் கூலி ஏறியது. இங்கே மருத்துவர்கள் மிகுந்துபோய் ஹைஜீனிஸ்டின் இடமே மறைந்துபோனது. 1948 சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. அது இந்த நிலைமையை மாற்றும் என்று நம்பக் காரணம் வேண்டும், இன்னும் தென்படவில்லை.

அரசு வேலையின் நிலை என்ன? 2024இல் ரயில்வே தேர்வு வாரியம் துணை மருத்துவப் பணிகளுக்கு வெளியிட்ட அறிவிப்பில் மொத்தம் 1,376 இடங்கள். அவற்றில் செவிலியக் கண்காணிப்பாளர் 713. டென்டல் ஹைஜீனிஸ்ட் 3. இந்தியா முழுவதற்கும் மூன்று. தொடக்க ஊதியம் 35,400 ரூபாய், ஏழாவது ஊதியக் குழுவின் ஆறாம் நிலை. படிகளோடு சேர்த்தால் தனியார் கிளினிக்கில் புதிய பல் மருத்துவர் பலரும் வாங்குவதைவிட நிச்சயம் நல்ல சம்பளம். ஆனால் விண்ணப்பிக்க இரண்டாண்டு அனுபவம் வேண்டும். கிளினிக்குகள் எடுப்பதில்லை, அரசிடம் இடங்கள் இல்லை. அந்த இரண்டாண்டு அனுபவத்தை டிப்ளமோ முடித்த பெண் எங்கே போய்ச் சம்பாதிப்பார்?

இதற்கு வழி நம் கைவசமே இருக்கிறது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் போய்க் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. கண்டறிய வேண்டிய நோய்களின் பட்டியலில் பல் சொத்தையும் உண்டு. அந்தக் குழுவுக்கு வகுத்திருக்கும் ஆட்கள் இரண்டு ஆயுஷ் மருத்துவர்கள், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர். பல்லைச் சுத்தம் செய்யவோ, சொத்தை விழாமல் சீலன்ட் பூசவோ பயின்ற ஒருவரும் இல்லை. தமிழக அரசு இந்தக் குழுக்கள் ஒவ்வொன்றிலும் ஒரு டென்டல் ஹைஜீனிஸ்டை நிரந்தரப் பணியில், காலமுறை ஊதியத்தில் சேர்க்க வேண்டும். டிப்ளமோ முடித்தவர்களுக்கு வேலையும் அனுபவமும் கிடைக்கும். பல் மருத்துவரை ஒரு முறைகூடப் பார்த்திராத பிள்ளைகளுக்கு வகுப்பறைக்கே சிகிச்சை வந்து சேரும். சட்டமன்ற உறுப்பினர்களும் சுகாதாரத் துறை அதிகாரிகளும் அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.